பச்சை அலை: சிவப்பு விளக்கில் நிற்காமல் செல்ல ஒரு நூற்றாண்டு முயற்சி

விளக்கு பச்சைக்கு மாறுகிறது. கார்களும் மோட்டார் சைக்கிள்களும் சீறிப் புறப்படுகின்றன. அரை கிலோமீட்டர் தள்ளி அடுத்த சந்திப்பு. அங்கே சிவப்பு. பாய்ந்து முந்திப் போனவரும் நிதானமாகப் பின்னால் வந்தவரும் அந்தக் கோட்டருகே பக்கம் பக்கமாக நிற்கிறார்கள். ஜொகூர் பாருவில் தெப்ராவ், ஸ்கூடாய், பாசிர் கூடாங் நெடுஞ்சாலைகளுக்கு வந்து சேரும் வழிகளிலும், தாமான்களை ஒட்டிய சந்திப்புகளிலும் இது அன்றாடக் காட்சி.

முந்திப் போனவருக்குக் கிடைத்த லாபம் என்ன? ஒரு விநாடிகூட இல்லை. நஷ்டம் மட்டும் உண்டு. எரிந்த எண்ணெய், தேய்ந்த பிரேக், ஏறிய பதற்றம். இதே நஷ்டம் ஆயிரம் வண்டிகளுக்கு, தினமும் இரண்டு வேளை என்று கணக்குப் போட்டால் ஓர் ஊரே இழப்பது எவ்வளவு என்பது புரியும்.

இரண்டு விளக்குகளும் ஒன்றுக்கொன்று பேசிக்கொண்டால் என்ன? அடுத்த விளக்கு பச்சையாகும் நேரத்தில் அங்கே போய்ச் சேர எந்த வேகத்தில் ஓட்ட வேண்டும் என்பதை வாகனமோட்டிக்கு முன்கூட்டியே சொன்னால் என்ன? கேட்பதற்குப் புதிய யோசனை போலத் தோன்றும். உண்மையில் இந்த யோசனைக்கு ஏறக்குறைய நூறு வயதாகிறது. அதன் வரலாறு ஜொகூர் மக்களுக்குப் பயன்படும் பாடங்கள் சிலவற்றை வைத்திருக்கிறது.

ரயில் பாதையிலிருந்து இறங்கி வந்த விளக்கு

சாலை விளக்கின் தாய்வீடு ரயில் பாதைதான். 1868 டிசம்பரில் இலண்டன் நாடாளுமன்றக் கட்டடத்தின் அருகே உலகின் முதல் போக்குவரத்துச் சமிக்ஞை விளக்கு நிறுவப்பட்டது. அதை வடிவமைத்தவர் ஜான் பீக் நைட் என்ற ரயில்வே பொறியாளர். பகலில் கைகாட்டி, இரவில் எரிவாயுவால் எரியும் சிவப்பு, பச்சை விளக்குகள். போலீஸ்காரர் ஒருவர் பக்கத்தில் நின்று அதை இயக்கினார். ஒரு மாதம்கூட நிலைக்கவில்லை. 1869 ஜனவரியில் எரிவாயு கசிந்து வெடித்தது. இயக்கிய போலீஸ்காரர் காயமடைந்தார். அதோடு அந்த முயற்சி கைவிடப்பட்டது.

மின்சாரம் வந்த பிறகுதான் விளக்குக்கு மறுபிறவி கிடைத்தது. 1914 ஆகஸ்ட்டில் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் மின்சாரச் சமிக்ஞை விளக்கு செயல்படத் தொடங்கியது. 1920-இல் டெட்ராய்ட் நகரப் போலீஸ் அதிகாரி வில்லியம் பாட்ஸ் சிவப்புக்கும் பச்சைக்கும் நடுவே மஞ்சளைச் சேர்த்தார். இன்று உலகம் முழுவதும் காணும் மூன்று வண்ண விளக்கு அப்படித்தான் பிறந்தது.

ஒரு சந்திப்புக்கு ஒரு விளக்கு என்றிருந்தவரை பெரிய சிக்கல் இல்லை. சந்திப்புகள் வரிசையாக வந்தபோதுதான் தொல்லை ஆரம்பித்தது. ஒவ்வொரு விளக்கும் தன் இஷ்டத்துக்கு மாறினால் வாகனம் ஒவ்வொன்றிலும் நிற்க வேண்டியதுதான். 1917-இல் சால்ட் லேக் சிட்டி நகரம் ஒரு வழி கண்டது. ஆறு சந்திப்புகளின் விளக்குகளை ஒரே விசையில் இணைத்து ஒன்றாக இயக்கினார்கள். எல்லாம் ஒரே நேரத்தில் பச்சை. எல்லாம் ஒரே நேரத்தில் சிவப்பு.

இந்த முறையை மற்ற நகரங்களும் பின்பற்றின. ஆனால் இதில் ஒரு விபரீதம் ஒளிந்திருந்தது. தூரத்தில் வரிசையாகப் பச்சை தெரிகிறது. எல்லாம் சேர்ந்து சிவப்பாவதற்குள் எத்தனை சந்திப்பைத் தாண்டலாம் என்று ஓட்டுநர்கள் காலை அழுத்தினார்கள். ஒழுங்கைக் கொண்டுவர வைத்த விளக்கே ஓட்டப்பந்தயத்தைத் தூண்டியது.

அலை பிறந்த கதை

அந்தத் தவறிலிருந்து பிறந்ததுதான் 1920-களின் நடுவில் சிகாகோ, வாஷிங்டன் போன்ற நகரங்களில் வந்த புதிய ஏற்பாடு. விளக்குகள் ஒன்றாக மாறாமல் ஒன்றன்பின் ஒன்றாக மாற வேண்டும். முதல் சந்திப்பில் புறப்பட்ட வண்டி இரண்டாவது சந்திப்பை அடையும் நேரத்தில் அங்கே பச்சை வர வேண்டும். பிறகு மூன்றாவதில், நான்காவதில். கடற்கரையில் அலை உருண்டு வருவதைப் போலப் பச்சை நிறம் சாலை நெடுக உருண்டு செல்லும். ஜெர்மானியர்கள் இதற்கு வைத்த பெயர் ‘பச்சை அலை’. அந்தப் பெயரே பிற மொழிகளிலும் நிலைத்துவிட்டது.

இதன் கணக்கு பள்ளிப் பிள்ளைக்கும் புரியும். இரண்டு சந்திப்புகளுக்கு இடையே 500 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போனால் அதைக் கடக்க 36 விநாடி ஆகும். ஆகவே இரண்டாவது விளக்கு முதல் விளக்கைவிட 36 விநாடி தாமதமாகப் பச்சையானால் போதும். 80 கிலோமீட்டர் வேகத்தில் பறப்பவர் 22 அல்லது 23 விநாடியில் போய்ச் சேர்ந்துவிடுவார். அவருக்குக் காத்திருப்பது சிவப்பு. பதின்மூன்று விநாடிக்கு மேல் நின்றுதான் ஆக வேண்டும். 50-இல் வந்தவர் பிரேக்கைத் தொடாமலே அவரைக் கடந்து போவார்.

பச்சை அலையின் உண்மையான சிறப்பு இங்கேதான் இருக்கிறது. அது வேகத்துக்குத் தண்டனை விதிப்பதில்லை, சம்மன் அனுப்புவதில்லை. வேகத்தைப் பயனற்றதாக ஆக்கிவிடுகிறது. ‘பதறாத காரியம் சிதறாது’ என்று பெரியவர்கள் சொன்னதை விளக்குகளே நடத்திக் காட்டுகின்றன.

கணக்கு எளிது, சாலை எளிதல்ல

அப்படியானால் எல்லா ஊரிலும் இதைச் செய்துவிடலாமே என்ற கேள்வி எழும். ஒரு வழிச் சாலையில் செய்யலாம். இரு வழிச் சாலையில்தான் முடிச்சு விழுகிறது. காலையில் நகரத்துக்குள் போகிறவர்களுக்காக அலையை அமைத்தால், எதிர்த்திசையில் வருகிறவர்கள் ஒவ்வொரு விளக்கிலும் நிற்க நேரலாம்.

இரு பக்கமும் அலை ஓட வேண்டுமானால் சந்திப்புகளுக்கு இடையிலான தூரமும், விளக்கு ஒரு முறை முழுதாகச் சுற்றி வரும் நேரமும் பொருந்த வேண்டும். 500 மீட்டர் இடைவெளியில், 50 கிலோமீட்டர் வேகத்துக்கு, விளக்கின் சுற்று 72 விநாடியாக இருந்தால் இரு திசைக்கும் அலை கிடைக்கும். ஆனால் எந்த ஊரில் சந்திப்புகள் அளவெடுத்து வைத்தாற்போல 500 மீட்டருக்கு ஒன்று இருக்கின்றன? ஓரிடத்தில் 200 மீட்டர், இன்னோரிடத்தில் 900 மீட்டர். ரப்பர் தோட்டமாக இருந்த நிலம் தாமானாகி, தாமான் நகரமாகி வளர்ந்த ஜொகூரில் சாலைகள் தேவைக்கேற்ப இணைக்கப்பட்டவை. விளக்கை மனத்தில் வைத்துப் போடப்பட்டவை அல்ல.

இந்த முடிச்சை அவிழ்க்கக் கணித மேதைகளே இறங்கி வந்தார்கள். பிரிட்டனின் சாலை ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த வெப்ஸ்டர், ஒரு விளக்கின் சுற்று எத்தனை விநாடி இருந்தால் காத்திருப்பு மிகக் குறையும் என்பதற்கான சூத்திரத்தை 1958-இல் வெளியிட்டார். இன்றும் பொறியியல் மாணவர்கள் படிக்கும் சூத்திரம் அது. அமெரிக்காவின் ஜான் லிட்டில், இரு திசைக்கும் மிக அகலமான பச்சைப் பாதையைக் கண்டுபிடிக்கும் கணித முறையை 1960-களில் உருவாக்கினார். 1963-இல் கனடாவின் டொரொண்டோ நகரம் சமிக்ஞை விளக்குகளைக் கணினியின் கட்டுப்பாட்டில் கொண்டுவந்து முன்னோடியானது.

வேகம் சொல்லும் பலகை

இதற்கிடையே இன்னொரு குறை கண்ணில் பட்டது. பொறியாளர் 50 கிலோமீட்டருக்கு அலையை அமைத்திருக்கிறார். சரி. அது ஓட்டுநருக்கு எப்படித் தெரியும்? தெரியாதவர் வழக்கம்போலப் பாய்கிறார், சிவப்பில் நிற்கிறார், விளக்கைத் திட்டுகிறார். ரகசியம் அலுவலகக் கோப்பில் தூங்குகிறது.

1950-களில் ஜெர்மனியின் டுசெல்டார்ஃப் நகரில் இதற்கு மருந்து தேடினார்கள். ஃபான் ஷ்டைன் என்ற பொறியாளர் சந்திப்புக்கு முன்னதாகவே ஒளிரும் பலகைகளை வைக்கும் முறையைக் கொண்டுவந்தார். இந்த நொடியில் இந்த இடத்தைக் கடப்பவர் எந்த வேகத்தில் போனால் பச்சையைப் பிடிக்கலாம் என்று அந்தப் பலகை எண்ணில் காட்டும். முன்னால் போகிறவருக்கு ஓர் எண், பின்னால் வருகிறவருக்கு வேறோர் எண். சிதறி வரும் வண்டிகள் புனலில் ஊற்றிய தண்ணீர்போல ஒன்றுசேர்ந்து பச்சைக்குள் நுழையும். ஆகவே அதைப் ‘புனல்’ என்றே அழைத்தார்கள்.

1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் டெட்ராய்ட் வட்டாரச் சாலையொன்றில் இதே போன்ற சோதனையை நடத்தியது. சாலையோரத்தில் மாறிக்கொண்டே இருக்கும் வேக எண்கள். அதைப் பார்த்து ஓட்டினால் அடுத்த விளக்கில் நிற்க வேண்டியதில்லை.

யோசனை நல்லது. ஆனால் அந்தக் காலத்தில் பலகைகளும் கம்பிகளும் கட்டுப்பாட்டுப் பெட்டிகளும் செலவு மிகுந்தவை. வாகனங்கள் பெருகப் பெருக, ஓட்டுநருக்குச் சொல்வதை விட்டுவிட்டு விளக்கையே புத்திசாலியாக்குவதில் பொறியாளர்கள் கவனம் செலுத்தினார்கள்.

நீரிணையின் அக்கரையில்

1970-களில் இரண்டு பெரிய முறைகள் உருவாயின. ஒன்று பிரிட்டனின் ‘ஸ்கூட்’. மற்றொன்று ஆஸ்திரேலியாவின் சிட்னியில் உருவான ‘ஸ்கேட்ஸ்’. இரண்டின் அடிப்படையும் ஒன்றே. சாலையின் தார்ப்பரப்புக்குள் கம்பிச்சுருள் புதைக்கப்படும். மேலே வாகனம் வந்து நின்றால் கணினிக்குச் செய்தி போகும். எந்தப் பக்கம் கூட்டம் அதிகமோ அந்தப் பக்கம் பச்சை நேரம் நீளும். அடுத்தடுத்த சந்திப்புகளும் அதற்கேற்ப இசைந்துகொள்ளும்.

ஜொகூர் மக்கள் இதைப் பார்க்கத் தொலைதூரம் போக வேண்டாம். சிங்கப்பூரில் முதல் தானியங்கிச் சமிக்ஞை விளக்கு 1948-இல் நிறுவப்பட்டது. தமிழர்களுக்கு நன்கு பழக்கமான சிராங்கூன் சாலை புக்கிட் தீமா சாலையைச் சந்திக்கும் இடம்தான் அதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது. நாற்பது ஆண்டுகள் கழித்து, 1988-இல், ஸ்கேட்ஸை அடிப்படையாகக் கொண்ட ‘கிளைட்’ என்ற முறை அங்கே அறிமுகமானது. பிறகு தீவு முழுவதும் விரிந்தது.

அங்கே இன்னொன்றையும் செய்தார்கள். 2009-இல் முதியோருக்கும் உடற்குறையுள்ளோருக்கும் தனி ஏற்பாடு வந்தது. தங்கள் அட்டையை விளக்குக் கம்பத்தில் தொட்டால் சாலையைக் கடக்கக் கூடுதல் விநாடிகள் கிடைக்கும். வண்டிகளுக்கான அலையைப் பற்றி யோசிக்கும்போது நடப்பவரின் காலடியை மறக்கக் கூடாது என்பதற்கு அது நல்ல சான்று.

இக்கரையின் நிலவரம்

ஜொகூர் பாருவின் போக்குவரத்துக்கு ஒரு தனித்தன்மை உண்டு. 1924-இல் திறக்கப்பட்ட ஜொகூர் பாலம் ஒரு கிலோமீட்டரைச் சற்றே தாண்டும். அந்தக் குறுகிய வாசலை நோக்கி, விடியும் முன்பே, ஆயிரக்கணக்கான மோட்டார் சைக்கிள்கள் புறப்படுகின்றன. அக்கரையில் சம்பளம், இக்கரையில் குடும்பம் என்று வாழும் தமிழ்க் குடும்பங்கள் பல. 1998-இல் தஞ்சோங் கூப்பாங்கையும் துவாஸையும் இணைத்து இரண்டாவது பாலம் வந்தது. 2008-இல் புதிய குடிநுழைவுக் கட்டடம் செயல்படத் தொடங்கியது. மணிக்கு ஒரு திசையில் 10,000 பயணிகளை ஏற்றிச் செல்லும் வகையில் புக்கிட் சாகார் – உட்லண்ட்ஸ் நார்த் ரயில் பாதை திட்டமிடப்பட்டது.

இங்கே ஓர் உண்மையை மறைக்காமல் சொல்ல வேண்டும். சோதனைச் சாவடியில் வரிசை நின்று, அந்த வால் பின்னால் உள்ள சந்திப்புவரை நீண்டுவிட்டால் எந்தப் பச்சை அலையும் உதவாது. அலை ஓட முன்னால் இடம் வேண்டும். நிரம்பிய குடத்தில் ஊற்றினால் வழியத்தான் செய்யும். ஆகவே பாலத்தின் நெரிசலுக்கு இது மருந்தல்ல. ஆனால் பாலத்துக்கு வெளியே ஜொகூர் பாரு, இஸ்கந்தர் புத்ரி, பாசிர் கூடாங், கூலாய் ஆகிய ஊர்களின் அன்றாடச் சாலைகளில் இதற்கு நிறையவே வேலை இருக்கிறது.

அங்கே முதல் தடை தொழில்நுட்பம் அல்ல, நிர்வாகம். மலேசியாவில் கூட்டரசுச் சாலை வேறு, மாநிலச் சாலை வேறு, மாநகர் மன்றச் சாலை வேறு, டோல் நெடுஞ்சாலை வேறு. ஸ்கூடாய் நெடுஞ்சாலை கூட்டரசுச் சாலை எண் 1. தெப்ராவ் நெடுஞ்சாலை எண் 3. பாசிர் கூடாங் நெடுஞ்சாலை எண் 17. அவற்றோடு வந்து சேரும் பல சாலைகள் உள்ளூர் மன்றங்களின் பொறுப்பு. வாகனமோட்டிக்கு அது ஒரே பயணம். காகிதத்தில் அது பல இலாகா. அலை எல்லைக்கல்லைப் பார்த்து நிற்காது, கோப்புதான் நிற்கும்.

இரண்டாவது, எண்ணிக் காட்டும் கடிகாரம். நம் நாட்டில் பல சந்திப்புகளில் இன்னும் எத்தனை விநாடி என்று சிவப்பிலும் பச்சையிலும் எண்கள் இறங்குவதைக் காணலாம். அதுவும் ஓட்டுநருக்குத் தகவல் தருவதுதான். ஆனால் அது சந்திப்பை நெருங்கிய பிறகு கிடைக்கும் தகவல். ‘இன்னும் நான்கு விநாடி’ என்று பார்த்தவர் நிதானிப்பாரா, பாய்வாரா? வேக ஆலோசனையோ அரை கிலோமீட்டர் முன்னதாகவே கிடைப்பது. பாயத் தேவையில்லை என்று சொல்வது. மேலும், கூட்டத்தைப் பார்த்து நேரத்தை மாற்றிக்கொள்ளும் புத்திசாலி விளக்கோடு, முன்பே எண்ணி வைத்த கடிகாரம் ஒத்துப்போவது கடினம்.

மூன்றாவது, மோட்டார் சைக்கிளோட்டிகள். மலேசியச் சாலைகளில் 2022, 2023 ஆகிய ஒவ்வோர் ஆண்டிலும் உயிரிழந்தோர் எண்ணிக்கை 6,000-ஐத் தாண்டியது. சாலை மரணங்களில் பாதிக்கும் மேற்பட்டவை மோட்டார் சைக்கிளில் சென்றவர்களுடையவை. 50-இல் மோதும் வண்டியைவிட 80-இல் மோதும் வண்டியின் தாக்கம் இரண்டரை மடங்கு என்பது இயற்பியல். பச்சை அலையை 50-க்கு அமைப்பதா, 70-க்கு அமைப்பதா என்ற முடிவு வெறும் நேரக் கணக்கு அல்ல. அது உயிர்க் கணக்கு.

டென்மார்க்கின் கோப்பன்ஹேகன் நகரம் இந்தக் கணக்கைத் தலைகீழாகப் போட்டுப் பார்த்தது. நோரெப்ரோகாடெ என்ற பரபரப்பான சாலையில் சைக்கிளில் செல்வோருக்காக 20 கிலோமீட்டர் வேகத்தில் பச்சை அலையை அமைத்தது. காலையில் நகரத்தை நோக்கி, மாலையில் வீட்டை நோக்கி. யாருக்காக அலை என்பதை ஓர் ஊர் தானே முடிவு செய்யலாம் என்பதற்கு அது உதாரணம்.

பலகை காருக்குள் வந்தது

டுசெல்டார்ஃபில் செலவு மிகுந்ததாக இருந்த அந்த யோசனை, அறுபது ஆண்டுகளுக்குப் பிறகு புது உருவத்தில் திரும்பியது. ஆடி நிறுவனம் 2016-இல் அமெரிக்காவின் லாஸ் வேகஸ் நகரில் விளக்கு பச்சையாக எத்தனை விநாடி என்பதைக் காருக்குள்ளேயே காட்டத் தொடங்கியது. 2019-இல் ஜெர்மனியின் இங்கோல்ஷ்டாட் நகரில் ஒரு படி மேலே போய், பச்சையைப் பிடிக்க என்ன வேகத்தில் போக வேண்டும் என்பதையும் காட்டியது. அடுத்த ஆண்டு அதே வசதி போய்ச் சேர்ந்த நகரம் எது தெரியுமா? டுசெல்டார்ஃப்தான்.

இன்னொரு பக்கம் கூகுள் நிறுவனம், வரைபடச் செயலியில் சேரும் தகவலைக் கொண்டு, எந்த விளக்கை எத்தனை விநாடி மாற்றினால் நல்லது என்று நகரங்களுக்கு ஆலோசனை தருகிறது. பெங்களூரு, ஹைதராபாத், கொல்கத்தா, ஜகார்த்தா போன்ற நகரங்கள் அதில் சேர்ந்தன. மலேசியாவிலும் 2018-இல் கோலாலம்பூருக்காக அலிபாபா நிறுவனத்தின் ‘நகர மூளை’ திட்டம் அறிவிக்கப்பட்டது. கேமராவும் கணினியும் இணைந்து விளக்கை இயக்குவதே அதன் நோக்கம்.

ஆனால் விலை உயர்ந்த காருக்குள் மட்டும் தெரியும் எண், பழைய மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகும் தொழிலாளிக்கு எப்படித் தெரியும்? பாசிர் கூடாங்குக்குப் போகும் லோரி ஓட்டுநருக்கு? தகவல் பணம் உள்ளவருக்கு மட்டும் என்றாகிவிடக் கூடாது.

யாருடைய நேரம்?

நூறாண்டு வரலாறு சொல்லும் பாடங்களைச் சுருக்கிச் சொல்லலாம். விளக்குகளை இணைத்தால் மட்டும் போதாது. அவை எந்த வேகத்துக்கு இணைக்கப்பட்டன என்பது மக்களுக்குத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் 1917-இன் ஓட்டப்பந்தயமே திரும்ப வரும். பிரதான சாலைக்கு அலை கொடுக்கும்போது பக்கச் சாலையில் காத்திருப்போருக்கும், பள்ளிப் பிள்ளையோடு கடக்கக் காத்திருக்கும் தாய்க்கும், கோயிலுக்கு நடந்து போகும் பாட்டிக்கும் நியாயமான நேரம் ஒதுக்க வேண்டும். அவர்களுடைய நிமிடமும் நிமிடம்தான்.

இதற்கு முதல் நாளே கோடிக்கணக்கான ரிங்கிட் தேவையில்லை. சீரான இடைவெளியில் நான்கைந்து விளக்குகள் உள்ள ஒரு சாலையைத் தேர்ந்தெடுக்கலாம். பொதுப்பணி இலாகாவும் மாநகர் மன்றமும் ஒரே மேசையில் அமர்ந்து நேரத்தைப் பொருத்தலாம். சாலையோரத்தில் ஒரு சாதாரணத் தகரப் பலகையில் மூன்றே சொற்கள் எழுதினாலும் போதும்: ‘50-இல் சென்றால் பச்சை’. சில வாரம் அதைப் பார்த்து ஓட்டியவர் தாமாகவே உணர்ந்துகொள்வார். பக்கத்தில் பாய்ந்து போனவரை அடுத்த விளக்கில் மறுபடி சந்திக்கும்போது எந்தப் பிரசாரமும் தேவைப்படாது.

சமிக்ஞை விளக்கு பிறந்தது நிறுத்துவதற்காக. அதை நிற்காமல் அழைத்துச் செல்லும் துணையாக மாற்ற முடியும் என்று பல ஊர்கள் காட்டியிருக்கின்றன. ஜொகூரில் அது நடக்க வேண்டுமானால் விளக்குகள் ஒன்றுக்கொன்று பேசுவதற்கு முன், அவற்றுக்குப் பொறுப்பான இலாகாக்கள் ஒன்றுக்கொன்று பேச வேண்டும்.